குழாய் மரை கூறும் வரலாறு

வரலாற்றை அறிவதற்குக் கல்வெட்டும் செப்பேடும் துணைசெய்வதைப் போலவே, மக்கள் அன்றாடம் கையாளும் எளிய பொருள்களும் துணைசெய்கின்றன. கீழடி அகழாய்வில் சுடுமண்ணால் ஆன குழாய்கள் ஒன்றோடொன்று பொருந்திய நிலையில் வெளிப்பட்டபோது, பண்டைத் தமிழர் நீரை ஆண்ட திறத்தை உலகம் கண்டது. தூம்பு, மதகு, குமிழி என நீர் செல்லும் வழிகளுக்குத் தனித்தனிப் பெயரிட்டு வழங்கிய மொழி நம்முடையது. இரு குழாய்கள் பொருந்துவது எளிய செயலாகத் தோன்றலாம். ஆனால், அவை பொருந்த வேண்டுமாயின், அவற்றைச் செய்த இரு கைகளும் முன்னரே ஓர் அளவுக்கு உடன்பட்டிருத்தல் வேண்டும். அந்த உடன்பாடு இல்லாதவிடத்து நீர் கசியும், உழைப்பு வீணாகும்.

இவ்வுண்மையை விளக்கப் பேராக் மாநிலத்தின் காம்பார் வட்டாரத்தில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அங்கு அழகு மீன் வளர்ப்போர், பல நாடுகளில் உருவான நீரேற்றிகளையும் வடிகட்டிகளையும் வாங்கி, உள்ளூர் இரும்புக் கடையில் கிடைக்கும் குழாய்களுடன் இணைக்க முற்படுகின்றனர். அப்போது ஒரு வியப்பான முரண் வெளிப்படுகின்றது. அமெரிக்க அளவில் செய்த உறுப்பை மலேசியக் குழாயோடு பசையிட்டு ஒட்டினால் பெரும்பாலும் பொருந்துகின்றது. மரையிட்டுத் திருகினால் பொருந்துவதில்லை. ஐரோப்பிய அளவில் செய்த உறுப்போ, திருகினால் பொருந்துகின்றது, ஒட்டினால் பொருந்துவதில்லை. ஒரே வேலையைச் செய்யும் பொருள்கள் இவ்வாறு ஒருவகையில் உறவாகவும் மறுவகையில் அயலாகவும் இருப்பதற்குக் காரணம் யாது? இதற்கான விடை இருநூறு ஆண்டுத் தொழில் வரலாற்றில் உள்ளது.

லம்பக் குளங்களும் மீன் வளர்ப்பும்

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய வெள்ளீய வயல்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது. ஈப்போ, கோப்பேங், காம்பார் ஆகிய நகரங்கள் அவ்வளத்தால் எழுந்தவை. வெள்ளீயம் மண்ணில் புதைந்து கிடந்தாலும், அதனை வெளிக்கொணர்ந்தது நீரே ஆகும். மலையோரத்து ஓடைகளின் நீரை நெடுந்தொலைவு குழாய்வழிக் கொண்டுவந்து, அதன் அழுத்தத்தால் மண்சுவரைக் கரைக்கும் முறை கோப்பேங் வட்டாரத்தில் சிறப்புற்றிருந்தது. பிற இடங்களில் இயந்திர ஆற்றலால் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்தனர். கரைந்த சேற்றைச் சரளை நீரேற்றி மேலே தூக்கிப் ‘பாலோங்’ எனப்படும் சாய்வான மரவாய்க்காலில் ஓடவிட்டனர். மணல் ஓடிவிட, எடை மிகுந்த ஈய மணி தடுப்புகளில் தங்கியது. இத்தொழிலின் கருவிகளையும் முறைகளையும் விளக்கும் அருங்காட்சியகம் ஒன்று காம்பாரிலேயே அமைந்துள்ளது.

ஆகவே, குழாய் என்பது இவ்வட்டாரத்திற்குப் புதிய பொருளன்று. சுரங்கத்தின் பெருங்குழாய், இரயில் நிலையத்தின் நீர்த்தொட்டிக் குழாய், இரப்பர் ஆலையின் நீராவிக் குழாய், தோட்ட லயத்தின் பொதுக்குழாய் எனப் பலவகைக் குழாய்கள் இங்கே மக்களின் வாழ்வோடு கலந்திருந்தன. சுரங்கங்களில் சீனத் தொழிலாளரே மிகுதியாக உழைத்தனர். இரயில்வே, பொதுப்பணி, தோட்டம் ஆகிய துறைகளில் தமிழர் பெருந்தொகையினராய்ப் பணிசெய்தனர். சாலையோரம் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்த கைகளுள் தமிழர் கைகள் பல. அவர்களுடைய பெயர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை. ஆயினும், அவர்கள் பொருத்திய குழாய்களில் நீர் ஓடியது.

1985ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அனைத்துலக வெள்ளீய மன்றம் தன் கடன்களைத் தீர்க்க இயலாது நிலைகுலைந்தது. வெள்ளீயத்தின் விலை சரிந்தது. எஞ்சியிருந்த சுரங்கங்களுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. மக்கள் வழக்கில் ‘லம்பம்’ எனப்படும் சுரங்கப் பள்ளங்களில் நீர் தேங்கிக் குளங்களாயின. காம்பார், மாலிம் நாவார், தஞ்சோங் துவாலாங் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த இக்குளங்கள் பல, காலப்போக்கில் மீன் வளர்ப்புக்கும் இறால் வளர்ப்புக்கும் பயன்பட்டன. உணவு மீனோடு அழகு மீன் வளர்ப்பும் பேராக்கில் ஒரு தொழிலாக வேரூன்றியது. குளத்தில் வளரும் மீனைத் தரம்பிரிக்கவும், இனப்பெருக்கம் செய்விக்கவும், விற்பனைக்கு வைத்திருக்கவும் தொட்டிகள் வேண்டும். தொட்டிகளுக்கு இடையறாது ஓடும் நீர் வேண்டும். அந்நீருக்குக் குழாய் வேண்டும். இவ்வாறு, ஈயத்தைக் கழுவிய மண்ணிலேயே குழாய் இணைப்புக் கலை வேறொரு வடிவில் தொடர்ந்தது.

மீன் தொட்டி வேண்டும் குழாய்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பரவியது. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்கள் காணத்தக்க மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1909ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலும் மீன் காட்சியகம் ஒன்று அமைந்தது. தொட்டி நீரைத் தேங்கவிடாமல், ஒரு பெருந்தேக்கத்திலிருந்து ஏற்றி மீண்டும் அங்கேயே இறக்கும் சுழற்சி முறையை வளர்த்தவர்களுள் வில்லியம் ஆல்பர்டு லாயிடு குறிப்பிடத்தக்கவர். 1871ஆம் ஆண்டில் இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் அவர் உருவாக்கிய காட்சியகம் இம்முறையில் இயங்கியது.

அக்காலத்துப் பொறியாளர்க்கு ஒரு தடை இருந்தது. செம்பு, பித்தளை, துத்தநாகம் ஆகியவை நீரில் சிறிதளவு கரைந்தாலும் மீனுக்கும் சிப்பி, இறால் முதலிய உயிர்களுக்கும் நஞ்சாகும். உப்புநீர் அவ்வுலோகங்களை இன்னும் விரைவாக அரிக்கும். வீட்டுக்குப் பயன்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயும் பித்தளைத் திருகும் மீன் தொட்டிக்கு ஆகா. 1930களில் ஜெர்மனியில் பி.வி.சி. நெகிழிக் குழாய் உருவாகிப் பின்னர் உலகெங்கும் பரவியபோது இத்தடை நீங்கியது. அரிக்காத, நஞ்சு கலக்காத, எளிதில் அறுத்து ஒட்டத்தக்க குழாய் மலிவாகக் கிடைத்தது.

ஆனால், பொருள் மாறினாலும் அளவு மாறவில்லை. நெகிழிக் குழாய், தனக்கு முன்னிருந்த இரும்புக் குழாயின் அளவுகளையே பிதிரார்ச்சிதமாகப் பெற்றது. எந்த நாட்டில் எந்த இரும்புக் குழாய் வழங்கியதோ, அந்த அளவே பல நாடுகளில் நெகிழிக்கும் வந்தது. எனவே, இரும்புக் குழாயின் வரலாற்றை அறியாமல் நெகிழிக் குழாயின் இயல்பை அறிய இயலாது.

ஓர் அங்குலக் குழாயில் ஓர் அங்குலம் எங்கே?

கடையில் ‘ஒரு இஞ்சுக் குழாய்’ என்று கேட்டு வாங்கிய குழாயை அளந்து பார்க்கும் மாணவன் திகைப்படைவான். ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். குழாயின் வெளிவிட்டமோ ஏறத்தாழ 33.5 மில்லிமீட்டர். உள்விட்டமும் பெரும்பாலும் சரியாக 25.4 ஆக இருப்பதில்லை. அவ்வாறாயின், ஓர் அங்குலம் எங்கே?

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் தெருக்களில் நிலக்கரி வாயு விளக்குகள் எரியத் தொடங்கின. வாயுவைக் கொண்டுசெல்ல நீண்ட இரும்புக் குழாய்கள் வேண்டியிருந்தன. தொடக்கத்தில் துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று திருகிப் பயன்படுத்தினர். 1825ஆம் ஆண்டில் கொர்னீலியஸ் வைட்ஹவுஸ் என்பவர், நீண்ட இரும்புப் பட்டையைக் காய்ச்சி இழுத்து, அதன் இரு விளிம்புகளையும் பற்றவைத்துக் குழாயாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். குழாய் மலிந்தது. வாயுவோ நீரோ செல்லும் அளவு உட்புழையைப் பொறுத்தது. ஆதலின், உள்விட்டத்தைக் கொண்டே குழாய்க்குப் பெயரிட்டனர். உட்புழை ஏறத்தாழ ஓர் அங்குலம் உடையது ஓர் அங்குலக் குழாய் எனப்பட்டது.

மரை வெட்டுவதோ குழாயின் வெளிப்புறத்தில். காலப்போக்கில் இரும்பின் தரம் உயர, மெல்லிய சுவரே போதுமானதாயிற்று. சுவரின் தடிப்பைக் குறைக்கும்போது வெளிவிட்டத்தைக் குறைத்தால், ஏற்கெனவே உள்ள மரைகளும் இணைப்புகளும் பயனற்றுப்போகும். எனவே, வெளிவிட்டத்தை மாற்றாமல் உட்புழையைச் சற்றே பெரிதாக்கினர். பெயர் மட்டும் பழையபடியே நின்றது. ஓர் அங்குலம் என்பது இவ்வாறு அளவு என்னும் நிலையிலிருந்து பெயர் என்னும் நிலைக்கு மாறியது. மொழியில் சொல் நிலைத்திருக்கப் பொருள் நகர்வதைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதிய செய்தியன்று. ‘எண்ணெய்’ என்னும் சொல் எள்ளின் நெய்யைக் குறித்துத் தோன்றி, இன்று தேங்காய் எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் வழங்குகின்றதன்றோ?

இங்கிலாந்தில் இவ்வாறு நிலைபெற்ற இரும்புக் குழாயின் உடலளவு அமெரிக்காவிலும் ஏறத்தாழ அதுவாகவே அமைந்தது. அமெரிக்க ஓர் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33.4 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் வழிவந்த மலேசிய நெகிழிக் குழாயினது ஏறத்தாழ 33.5. முக்கால் அங்குலக் குழாய் இரண்டிலும் ஏறத்தாழ 26.7. அமெரிக்க உறுப்பு மலேசியக் குழாயோடு பசையில் ஒட்டுவதன் காரணம் இதுவே. இரண்டும் ஒரு குடும்பத்தின் உடல்வாகு கொண்டவை.

இருவகை மரைகள்

உடல் ஒன்றாயினும் மரை வேறாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வைத்திருந்தது. ஒரு பட்டறையின் ஆணி மறுபட்டறையின் சுரையில் ஏறாது. மான்செஸ்டர் நகரப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் மரையாணிகளைத் திரட்டி ஒப்பிட்டார். அவற்றின் சராசரியை அடிப்படையாகக் கொண்டு, 1841ஆம் ஆண்டில் ஒரே சீரான மரை முறையை முன்வைத்தார். அதில் மரையின் பக்கங்கள் 55 பாகைக் கோணத்தில் அமைந்தன. மேடும் பள்ளமும் வளைவாக இருந்தன. புதியதொன்றைத் திணிக்காமல், வழக்கில் உள்ளவற்றின் நடுநிலையைத் தேர்ந்தமையே அவர் முறை பரவியதற்கு ஒரு காரணம் எனலாம். இதனின்றே குழாய்க்குரிய மரையும் தோன்றியது. 1901ஆம் ஆண்டில் அமைந்த பிரிட்டிஷ் பொறியியல் தர அளவுக் குழு, 1905ஆம் ஆண்டில் குழாய் மரையைத் தர அளவாக வெளியிட்டது. பி.எஸ்.பி. என்று கடைகளில் வழங்குவது இதுவே.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இராபர்ட் பிரிக்ஸ் என்னும் பொறியாளர், 1860களில் குழாய் மரைக்கு வேறோர் ஒழுங்கை வகுத்தார். அங்குக் கோணம் 60 பாகை. அதே நகரில் 1864ஆம் ஆண்டில் வில்லியம் செல்லர்ஸ், மரையாணிகளுக்கும் 60 பாகையைப் பரிந்துரைத்தார். 60 பாகைக் கோணத்தை வெட்டுவதும் சரிபார்ப்பதும் எளிது என்பது அவர் வாதம். பிரிக்ஸ் வகுத்த முறை 1886ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழாய்த் தொழிலின் பொது அளவாக ஏற்கப்பட்டது. என்.பி.டி. எனப்படுவது அதன் வழிவந்ததே.

இவ்விரண்டின் வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் தீங்கு குறைவு. தெரியாதபடி அமைந்ததே இடர். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரு முறைகளிலும் ஓர் அங்குல நீளத்திற்கு 14 புரிகளே உள்ளன. எனவே, ஒன்றை மற்றொன்றில் திருகினால் ஏறுவது போலவே தோன்றும். ஆனால், 55 பாகைப் பள்ளத்தில் 60 பாகை மேடு முழுமையாகப் படியாது. இடையில் சுருள்வழி ஒன்று எஞ்சும். நீர் அவ்வழியே மெல்லக் கசியும். ஓர் அங்குலக் குழாயில் பிரிட்டிஷ் மரைக்கு 11 புரிகள். அமெரிக்க மரைக்குப் பதினொன்றரை. சில சுற்றுகளுக்குள் மரைகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். அதனை ‘நன்றாக இறுகிவிட்டது’ என்று பிழையாக எண்ணி மேலும் முறுக்கினால் நெகிழி வெடிக்கும்.

மலாயாவில் பிரிட்டிஷ் மரையே வேரூன்றியதன் காரணம் வெளிப்படை. மரை வெட்டும் அச்சுகளும் இணைப்புகளும் இங்கிலாந்திலிருந்து வந்தன. அச்சு எந்நாட்டினதோ, மரையும் அந்நாட்டினதே. தோட்ட ஆலையில் சணல்நாரைச் சுற்றிக் குழாயை முறுக்கிய தொழிலாளிக்கு விட்வொர்த் என்னும் பெயர் தெரியாதிருக்கலாம். ஆனால், 55 பாகை அவர் கைப்பழக்கத்தில் இருந்தது.

பொருந்தாமையின் விலை

இணைப்பு பொருந்தாமல் போனதன் விலையை ஒரு நகரமே கொடுத்ததுண்டு. 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தீப்பற்றியது. வாஷிங்டன், பிலடெல்பியா முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்தன. நீர் இருந்தது; குழாய் இருந்தது; ஆட்களும் இருந்தனர். ஆனால், வந்தவர்களின் குழாய்ப் பூட்டுகள் பல பால்டிமோரின் நீர்முனைகளோடு பொருந்தவில்லை. முப்பது மணி நேரத்திற்கு மேல் தீ எரிந்தது. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதன் பின்னரே தீயணைப்புக் குழாய்ப் பூட்டுகளுக்கு நாடு தழுவிய தர அளவு ஒன்றை வகுத்தனர்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் ஒன்றின் கருவியை மற்றொன்று பழுதுபார்க்க முயன்றபோது இதே தொல்லை எழுந்தது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் மரையாணிகளுக்கு ஒரு பொது முறையை ஏற்றன. ஆயினும், குழாய் மரை அவ்வுடன்பாட்டில் ஒன்றுபடவில்லை. இரு மரைகளும் இன்றும் தனித்தனியே வழங்கிவருகின்றன. ஆணியைக் கழற்றி மாற்றலாம். சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் புதைந்த குழாய்களை ஒரே நாளில் மாற்றுவது எவ்வாறு?

மெட்ரிக் முறையின் வருகை

ஐரோப்பிய நாடுகள் மீட்டரைக் கைக்கொண்டவை. அங்கு நெகிழிக் குழாய் பரவியபோது, பழைய இரும்புக் குழாயின் உடலளவை விடுத்து, வெளிவிட்டத்தையே பெயராகக் கொண்ட முழு எண்களை வகுத்தனர். 20, 25, 32, 40, 50, 63 மில்லிமீட்டர் என்பன அவை. அரை அங்குலத்தின் இடத்தில் 20; முக்கால் அங்குலத்தின் இடத்தில் 25; ஓர் அங்குலத்தின் இடத்தில் 32. ஆனால், இவர்களும் மரையை மாற்றவில்லை. வாயுக் குழாயோடு ஐரோப்பாவில் பரவிய பிரிட்டிஷ் மரையே அங்கு நிலைத்தது. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அதனை வாயு மரை என்றே அழைத்தனர். அனைத்துலகத் தர அளவு நிறுவனமும் அதனை ஏற்று 7, 228 என்னும் எண்களில் வரையறுத்தது. முழுமையாக மெட்ரிக் முறையில் இயங்கும் நாட்டிலும் குழாய் மரை அங்குலத்தில் இருப்பதன் காரணம் இதுவே.

ஆகவே, தொடக்கத்தில் கண்ட முரணுக்கு விடை கிடைத்துவிட்டது. அமெரிக்கக் குழாயும் மலேசியக் குழாயும் ஒரே உடலைப் பெற்று மரையில் பிரிந்தவை. ஐரோப்பியக் குழாய் மரையைப் பெற்று உடலை மாற்றிக்கொண்டது. முதலாவது பிரிவு 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. இரண்டாவது, நெகிழியின் காலமாகிய 20ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. எது பொருந்துகின்றது, எது பொருந்தவில்லை என்று கண்டாலே எக்காலத்தில் பிரிந்தவை என்று கூறிவிடலாம். உறவுமொழிகளின் சொற்களை ஒப்பிட்டுப் பிரிந்த காலத்தை ஆராயும் மொழியறிஞர் முறையும் இதனை ஒத்ததே.

மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பின் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. காத்தியும் தஹிலும் கிலோகிராமுக்கு வழிவிட்டன. 1975ஆம் ஆண்டில் இரு நிறுவனங்களை இணைத்துச் சிரிம் அமைக்கப்பட்டது. குழாய்கள் 15, 20, 25 என்று மில்லிமீட்டரில் பெயர் பெற்றன. ஆனால், இங்கும் பெயரே மாறியது. பழைய அங்குலக் குழாயின் உடல் மாறவில்லை. அதனால் ஒரு புதிய குழப்பம் எழுந்தது. பி.வி.சி. குழாயில் 25 என்பது உட்புழையைச் சுட்டும் பெயர். அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 33.5. கறுப்பு நிறப் பாலிகுழாயில் 25 என்பது வெளிவிட்டமே. ஒரே கடையில், ஒரே எண்ணில், இரு வேறு அளவுகள். ஜப்பானியக் குழாயில் 25 என்னும் பெயருடையதன் வெளிவிட்டம் 32. எண்ணை நம்பி வாங்குவோர் ஏமாறுவர். அளந்து வாங்குவோர் ஏமாறார்.

பொருத்தும் நெறி

இவ்வரலாற்றை அறிந்தோர்க்குப் பொருத்தும் நெறி தானே விளங்கும். ஐரோப்பிய அளவில் அமைந்த 32 மில்லிமீட்டர்க் குழாயை உள்ளூர் ஓர் அங்குல இணைப்பில் செருகினால் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி எஞ்சும். ஒட்டுப்பசை இடைவெளியை நிரப்பும் சாந்து அன்று. அது இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான். பரப்புகள் தொடாவிடில் ஒன்றாதல் இல்லை. மிகுதியாகப் பசை பூசி நிறுத்தினால் சில நாள் நிற்கும்; நள்ளிரவில் ஒருநாள் கழன்றுவிடும். விடிவதற்குள் தொட்டி வற்றி, பல திங்கள் வளர்த்த மீன்கள் மாண்டு கிடக்கும். சிறு மீன் வளர்ப்பாளர்க்கு அது ஒரு பருவத்து வருவாயின் இழப்பு.

இத்தகைய இடத்தில் பொது மரையை நாடுதல் வேண்டும். 32 மில்லிமீட்டர்க் குழாயில், ஒருபுறம் அவ்வளவுக்குரிய ஒட்டுவாயும் மறுபுறம் ஓர் அங்குலப் பிரிட்டிஷ் மரையும் கொண்ட ஐரோப்பிய உறுப்பை ஒட்ட வேண்டும். உள்ளூர்க் குழாயில், அதே மரைக்குரிய எதிருறுப்பை ஒட்ட வேண்டும். பின்னர் இரண்டையும் திருகி இணைக்கலாம். உடல் வேறாயினும் மரை பொதுவாதலின் இணைப்பு உறுதிபெறும்.

அமெரிக்கக் கருவியாயின் இதற்கு நேர்மாறான வழி. மரையை விடுத்து உடலை நாட வேண்டும். கருவியோடு வந்த அமெரிக்க மரையுறுப்பில் அதற்கே உரிய அமெரிக்க எதிருறுப்பைத் திருகி, அவ்வுறுப்பின் ஒட்டுவாயில் உள்ளூர்க் குழாயைச் செருகி ஒட்டலாம். செருகும் முன் பசையின்றிப் பொருத்திப் பார்த்து, இறுக்கம் சரியாக உள்ளதா என உறுதிசெய்தல் நன்று. இருவகை மரைகளையும் இணைக்கும் மாற்றுறுப்புகளும் விற்பனையில் உண்டு. அவற்றுள் பித்தளையால் ஆனவற்றை மீன் தொட்டிக்குக் கொள்ளலாகாது.

மென்குழாயில் மற்றொரு வேறுபாடு உண்டு. ஜெர்மானிய வடிகட்டிகளில் 12/16, 16/22 என்று குறித்திருப்பது உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் மில்லிமீட்டரில் சேர்த்துக் கூறுவதாகும். உள்ளூர் அரை அங்குல மென்குழாயின் உள்விட்டம் 12.7. வேறுபாடு ஒரு மில்லிமீட்டரும் இல்லை. ஆயினும், அதுவே கசிவுக்குப் போதும். கவ்வுவளையம் இட்டு இறுக்குதல் வேண்டும்.

இவை அனைத்திற்கும் வேண்டிய கருவிகள் மூன்றே. விட்டத்தை அளக்கும் இடுக்கிமானி, புரிகளை எண்ணும் அளவி, பொறுமை. முதல் இரண்டும் கடையில் கிடைக்கும். மூன்றாவதை வளர்க்கும் இடம் பள்ளிக்கூடம்.

முடிவாக

அளவுக்கு உடன்படுதல் தமிழர்க்கு அயலான சிந்தனையன்று. சோழர் காலத்தில் நிலமளந்த கோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்று பெயரிட்டனர். அளவுகோலின் நீளத்தைக் கோயில் சுவர்களில் வெட்டிவைத்து, எவரும் ஒப்பிட்டுச் சரிபார்க்க வழிசெய்தனர். அளவு மன்னனின் கைப்பொருளாக மறைந்திராமல் ஊரார் கண்முன் நிற்க வேண்டும் என்னும் நேர்மை அதில் உண்டு. இன்றைய தர அளவு ஆவணங்களின் நோக்கமும் அதுவே.

எனினும், உலகம் முழுவதும் ஒரே அளவு என்னும் நிலை இன்னும் வரவில்லை. விரைவில் வருமென்றும் தோன்றவில்லை. ஒவ்வொரு நாடும் தன் பழைய முதலீட்டையும் பழக்கத்தையும் சுமந்தே நடக்கின்றது. இவ்வேறுபாடுகளை வலிந்து முறுக்கினால் உடையும். அலட்சியமாக ஒட்டினால் கசியும். எங்கு ஒற்றுமை உள்ளது என்று கண்டு, அங்கே இணைப்பதே அறிவுடைமை. காம்பாரின் மீன் தொட்டிக்கு நீர் கொண்டுசெல்லும் சிறு மாற்றுறுப்பு செய்வது அச்செயலையே. அது இரு தரப்பையும் மாற்ற முயல்வதில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் அளவிலேயே ஏற்று நடுவில் நிற்கின்றது.

தமிழ்ப் பள்ளியில் பயிலும் மாணவன், அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றும் கணக்கைப் பாடநூலின் பயிற்சியாக மட்டும் காணலாகாது. இரும்புக் கடையில் கிடக்கும் ஒரு குழாய்த் துண்டை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, அதன் உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் அளக்கச்செய்து, ‘இதில் ஓர் அங்குலம் எங்கே?’ என்று ஆசிரியர் வினவுவாராயின், கணக்கும் அறிவியலும் வரலாறும் ஒரே பாடமாக அமையும். முன்னோர் பள்ளம் தோண்டிப் பதித்த குழாய்களின் கணக்கை அவர்தம் பேரப்பிள்ளைகள் கற்றுத் தெளிவது, பெயர் அறியப்படாத அவ்வுழைப்பாளிகளுக்குச் செய்யும் நன்றிக்கடனும் ஆகும்.